மணியார்டர் யாருக்குப் போனது?

பட்டாளத்துக்குப் போன தாத்தாக்களைத் தேடுகிறவர்கள் இப்போது நம் திருநெல்வேலிப் பக்கம் நிறைய ஆகிவிட்டார்கள். களக்காடு, நாசரேத், கயத்தாறு, சங்கரன்கோவில் என்று ஏதாவது ஓர் ஊரிலிருந்து யாராவது ஒருவர், ஓரம் செல்லரித்த ஒரு ஸ்டுடியோ படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இது எந்த ரெஜிமென்ட்னு பாத்துச் சொல்லுங்க" என்கிறார். எனக்கும் இந்தத் தேடலில் தீராத ஆசை உண்டு. தோள்பட்டை எழுத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பேன், மெடலின் ரிப்பன் நிறத்தைக் கேட்பேன். ஆனால் கேள்விகள் எல்லாம் ஒரே இடத்தில் போய் நிற்பது கொஞ்ச காலமாக எனக்கு உறுத்துகிறது. எந்தச் சண்டையில் இருந்தார், எத்தனை மெடல், வெள்ளைக்காரத் துரை என்ன சர்ட்டிபிகேட் கொடுத்தான். இவ்வளவுதான். அவர் சம்பளம் மாதாமாதம் யார் கைக்குப் போனது என்று யாரும் கேட்பதில்லை. என் அனுபவத்தில் முதலில் கேட்க வேண்டியதே அதைத்தான்.

எங்கள் தாத்தா இரண்டாம் உலகப் போரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற படைப் பொறியாளர் பிரிவில் இருந்தார். ஊர் சேரன்மகாதேவிக்குப் பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனம். நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். வீட்டில் அவரைப் பற்றி இருந்தது இரண்டே கதை. ஒன்று, பர்மாவில் ஜப்பான்காரனோடு சண்டை போட்டார். இன்னொன்று, பட்டாளத்திலிருந்து சம்பாதித்து வந்து ஒரு வயலை வாங்கினார், அதை அவருடைய அக்கா எழுதி வாங்கப் பார்த்தாள். இரண்டாவது கதையால்தான் அப்பாவின் அத்தை வீட்டோடு எங்களுக்குப் போக்குவரத்து இல்லாமல் போனது. கல்யாணத்துக்குப் பத்திரிகை வைப்பதில்லை, துஷ்டிக்கு மட்டும் ஓர் ஆள் போய்த் தலைகாட்டுவது. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவிலில் எல்லாரும் கூடும்போது வைக்கவென்று சித்தப்பா மகன் ஒரு குடும்ப மரம் வரைந்தான். அதில் தாத்தா யூனிஃபார்மோடு நடுவில் இருந்தார். அவருடைய அக்காவான அந்த ஆச்சி அதில் இல்லவே இல்லை. தாத்தா ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்ததுபோல் இருந்தது படம்.

நம்பர்தான் ஆள்

இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் பக்கத்துப் பெயர்களை வைத்துக்கொண்டு ஒருவரைக் கண்டுபிடிக்க முடியாது. சுடலைமுத்து, இசக்கிமுத்து, பேச்சிமுத்து, சுப்பையா என்று ஒரு பெயரில் நூறு பேர் இருப்பார்கள். அதை எழுதிக்கொண்ட கிளார்க்குக்குக் காதில் எப்படி விழுந்ததோ அப்படி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். சில இடத்தில் அப்பா பெயர் முன்னால் வரும், சில இடத்தில் பின்னால். பட்டாளம் ஆளை நம்பரால்தான் அறியும். அந்த நம்பர் எங்கே கிடைக்கும் என்றால், மெடலில். இரண்டாம் உலகப் போரின் மெடல்களை பிரிட்டன் தன் சிப்பாய்களுக்குப் பெயர் பொறிக்காமலே கொடுத்தது. இந்தியப் படையினருக்குக் கொடுத்தவற்றில் நம்பரும் பெயரும் பொறித்துக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் பித்தளைச் சாமான்களோடு கிடந்த ஆறுமுனை நட்சத்திரத்தைப் புளி போட்டுத் தேய்க்காமல் யாரோ விட்டுவைத்தது எங்கள் அதிர்ஷ்டம். அதன் பின்பக்கத்தில் தாத்தாவின் நம்பர் இருந்தது. மெடலைத் தேய்க்காதீர்கள். அதைவிட முக்கியமாக, எடைக்குப் போடாதீர்கள்.

அந்த நட்சத்திரம் பர்மா ஸ்டார். வீட்டில் அதைக் காட்டித்தான் "பர்மாவில் சண்டை போட்டார்" என்று சொல்லிவந்தார்கள். ஆனால் பர்மாவுக்குள் காலெடுத்து வைத்தவர்களுக்கு மட்டும் கொடுத்த மெடல் இல்லை அது. 1942 மே 1 முதல் வங்காளத்திலும் அஸ்ஸாமிலும் பணியில் இருந்தவர்களுக்கும் கிடைத்தது. ஆகவே மெடல் ஒருவர் போன திசையைச் சொல்லும், நின்ற இடத்தைச் சொல்லாது.

ஊர்ப் பெயரிலும் இதே கவனம் வேண்டும். 1940களில் எங்கள் ஊர் அம்பாசமுத்திரம் தாலுகா. சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் முதல் உலகப் போரில் போன தாத்தாவைத் தேடினால், 1910-க்கு முன் அவர்கள் ஊர் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது என்பதை நினைவில் வைக்க வேண்டும். செங்கோட்டைக்காரர்களுக்கு இன்னும் சிக்கல். 1956 நவம்பர் வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ச் சீமை. தாத்தா மெட்ராஸ் பட்டாளத்தில் இல்லாமல் திருவிதாங்கூர் சமஸ்தானப் படையில் இருந்திருக்கலாம். இன்னொரு பக்கம், பாளையங்கோட்டைப் பெயரைத் தாங்கிய பட்டாளத்தைப் பார்த்தவுடன் "நம்ம ஊர்ப் பட்டாளம்" என்று சொந்தம் கொண்டாடுகிறவர்களும் இருக்கிறார்கள். 63-வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி என்று ஒன்று உண்மையில் இருந்தது. 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவில் டாங்கா சண்டையில் ஜெர்மானியருக்கு எதிராக இறக்கப்பட்டு, மோசமாக அடிவாங்கியது. அந்தப் பெயர் பட்டாளத்தின் பழைய வரலாற்றிலிருந்து வந்தது. அதில் இருந்தவர்கள் எல்லாம் பாளையங்கோட்டைக்காரர்கள் என்று அதற்குப் பொருள் இல்லை.

போரில் இறந்தவர்களைத் தேடுவது எளிது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் பெயரோ நம்பரோ போட்டால் பல சமயம் இன்னாரின் மகன், இன்ன ஊர், திருநெல்வேலி ஜில்லா என்ற வரியோடு கிடைத்துவிடும். அங்கேயும் நியாயம் சமமாக இருக்கவில்லை. ஈராக்கில் பாஸ்ராவில் உள்ள முதல் உலகப் போர் நினைவுச்சின்னத்தில் இந்திய அதிகாரிகளின் பெயர்களைக் கல்லில் பொறித்தவர்கள், சாதாரண இந்தியச் சிப்பாய்களைப் பட்டாளத்தின் பெயருக்குக் கீழே இத்தனை பேர் என்று எண்ணிக்கையாக மட்டும் போட்டார்கள். இப்படி நடந்தவற்றையெல்லாம் 2021-ல் அந்த ஆணையமே ஓர் அறிக்கையில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. இருந்தாலும் இறந்தவருக்கு ஒரு பட்டியலாவது உண்டு. உயிரோடு திரும்பி, பஸ் பிடித்து ஊர் வந்து, அடுத்த நாளே வரப்பு வெட்டப் போனவருக்கு அப்படி ஒரு பக்கம் கிடையாது. அவர் இருந்த கம்பெனியின் போர் நாட்குறிப்பு லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் கிடைக்கலாம். தென்கிழக்கு ஆசியப் படைகளுடையவை 'டபிள்யூ.ஓ. 172' என்ற வரிசையில் இருக்கின்றன. ஆனால் அதில் வருவது பெரும்பாலும் அதிகாரிகள் பெயர்தான். சிப்பாய்கள் "ஒரு பிளட்டூன் பாலத்துக்குப் போனது" என்ற வரிக்குள் இருப்பார்கள்.

பட்டாளத்து ஆவண அலுவலகத்துக்கு நம்பரைப் போட்டு எழுதினேன். பதில் வந்தது. சேர்ந்தது 1941, விலகியது 1946, ஊர், தகப்பன் பெயர். 'லாங் ரோல்' என்ற பதிவேட்டில் இருப்பது அவ்வளவுதான். பென்ஷன் பெறாதவர்களின் தனிக் கோப்புகளை 25 ஆண்டுகள் வைத்திருந்து அழித்துவிடுவது விதி. பென்ஷனுக்கு 15 ஆண்டுப் பணி வேண்டும். போருக்கென்று சேர்த்து, போர் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்ட லட்சக்கணக்கான பேரில் எங்கள் தாத்தாவும் ஒருவர். அவர் கோப்பு நான் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே சாம்பலாகியிருக்கும். டிஸ்சார்ஜ் புக்கைக் கரையான் தின்றுவிட்டதாக அப்பா சொன்னார். சரி, இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மாமா வீட்டுக் கம்பி

அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தபோது ஒன்று தோன்றியது. ஐந்து வருஷம் பட்டாளத்தில் இருந்தவர் சம்பளத்தை என்ன செய்தார்? அந்தக் காலத்தில் சிப்பாய் தன் சம்பளத்தில் ஒரு பங்கை வீட்டுக்கென்று ஒதுக்கலாம். அது மாதாமாதம் மணியார்டராக வரும். போகும்போது தாத்தாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை, எங்கள் சொந்த ஆச்சியைக் கட்டியது திரும்பி வந்த பிறகு. அவருடைய அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டார், அப்பா படுக்கையில். அப்படியானால் தபால்காரர் வந்து கூப்பிட்டது யாரை? வீட்டில் இருந்த ஒரே ஆள் அவருடைய அக்கா. இளவயதில் தாலியறுத்து, கைப்பிள்ளையோடு பிறந்த வீட்டுக்கு வந்தவர். தம்பியை வளர்த்ததே அவர்தான் என்பதுகூட அப்பாவைத் துருவிக் கேட்ட பிறகுதான் வெளியே வந்தது.

அந்தக் கைப்பிள்ளைக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. அப்பாவுக்கு அத்தான், எனக்கு மாமா. போகிறேன் என்றதும் அப்பா, "அங்க என்னத்துக்குப் போற? பழசக் கிண்டணுமா?" என்றார். போகாதே என்று சொல்லவில்லை. அதனால் போனேன்.

மாமா வாசலில் பனைநார்க் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். யார் மகள் என்று சொன்னதும் எழுந்துவிட்டார். "வா மருமவளே, உள்ள வா" என்றார். அத்தை கருப்பட்டிக் காப்பி போட்டுத் தந்தார். தாத்தாவின் பட்டாளத்துத் தாள் ஏதாவது இருக்குமா என்று நான் கேட்டு முடிப்பதற்குள் மாமா அரங்குவீட்டுக்குள் போய், சுவரிலிருந்து ஒரு கம்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். கடைகளில் பில் கோத்து வைப்பார்களே, அந்தக் கொக்கிக் கம்பி. அடிமட்டம் வரை பழுப்புத் தாள்கள். எல்லாம் மணியார்டர் கூப்பன்கள். மணியார்டர் ஃபாரத்தின் அடியில் அனுப்புகிறவர் இரண்டு வரி எழுதுகிற துண்டு இருக்குமே, பணம் வாங்குகிறவர் கிழித்து வைத்துக்கொள்வது, அது. அந்த ஆச்சி ஒன்றைக்கூடத் தூக்கிப்போடவில்லை.

"எங்கம்மைக்கு எழுத்து தெரியாது. தபால்காரரு வாசிச்சுச் சொல்லுவாரு, இவ கைநாட்டு வப்பா. நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சப்புறம் தெனம் ஒண்ண எடுத்து வாசிக்கச் சொல்லுவா. நான் எழுத்துக்கூட்டிப் படிச்சதே இதுலதான்" என்றார் மாமா.

அத்தனையையும் திண்ணையில் பரப்பித் தேதிவாரியாக அடுக்கினோம். பெரும்பாலானவை பெங்களூரிலிருந்து வந்தவை. மெட்ராஸ் சாப்பர்ஸின் தலைமையிடம் அங்கேதான், ஒதுக்கீட்டுப் பணம் அங்கிருந்து வரும். ஒரே தொகை, எழுத வேண்டிய இடம் காலி. அவற்றுக்கு நடுவே வேறு சில இருந்தன. தாத்தாவே கையிலிருந்து அனுப்பியவை. அவற்றில் ஊர்ப் பெயர் இல்லை, போர்முனைத் தபால் நிலையத்தின் எண் மட்டும். படை இருக்கும் இடம் வெளியே தெரியக் கூடாது என்பதற்காக எஃப்.பி.ஓ. எண் மட்டும் போடுகிற ஏற்பாடு அது. எந்த எண் எந்த மாதம் எங்கே இருந்தது என்று தபால்தலை சேகரிப்பவர்கள் பாடுபட்டுத் தொகுத்த பட்டியல்கள் உண்டு. அவற்றோடு ஒப்பிட்டதில் 1944-ல் தாத்தா மணிப்பூர்ப் பக்கம் இருந்தது தெரிந்தது. இம்பாலைச் சுற்றி ஜப்பானியர் வளைத்திருந்த மாதங்களில் அவரிடமிருந்து கூப்பன் இல்லை. அப்புறம் திரும்ப வருகிறது. அந்த வருஷம் டிசம்பரில் பர்மாவில் சிண்ட்வின் (Chindwin) ஆற்றின் குறுக்கே காலேவாவில் படைப் பொறியாளர்கள் 1,154 அடி நீளத்துக்கு ஒரு பெய்லி பாலம், அதாவது துண்டு துண்டாகக் கொண்டுபோய்ப் பூட்டுகிற இரும்புப் பாலம், போட்டார்கள். அந்தச் சமயத்தில் உலகிலேயே நீளமான பெய்லி பாலம் அது. தாத்தா அதில் வேலை பார்த்தாரா என்று எந்தத் தாளும் சொல்லவில்லை, அதனால் நானும் சொல்ல மாட்டேன். ஆனால் பட்டாளத்து அலுவலகம் அழித்துவிட்ட நாட்களில் பாதியை, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண் சுவரில் மாட்டி வைத்திருந்தார் என்பதை நினைக்க நினைக்க எனக்கு நெஞ்சு அடைத்தது.

வரிகள் எல்லாம் சின்னச் சின்னது. நெல் வாங்கி வைக்கச் சொல்கிறார் ஒன்றில். 1942-ல் பர்மா விழுந்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோய், அடுத்த வருஷம் விலை ஏறிக்கிடந்த நேரம். அப்பாவுக்கு மருந்து, பயலுக்குச் சட்டை. பயல் என்றது மாமாவை. "என்னையத்தான் எழுதியிருக்காரு" என்று மாமா அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார். அப்புறம் 1945 தொடக்கத்துக் கூப்பன் ஒன்று வந்தது. பக்கத்து வயல் விலைக்கு வருவது பற்றி அக்கா சொல்லி அனுப்பியிருக்க வேண்டும், அதற்குப் பதில். மாமா அதை என் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தார். "வயலை முடித்துவிடு. பத்திரம் உன் பேரில் இருக்கட்டும்." அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுக் கதையில் வயலை எழுதி வாங்கப் பார்த்தவள் அவள். இந்தத் தாளில் உன் பேருக்கே எழுதிக்கொள் என்று சொல்கிறவர் தாத்தா. எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. "இத ஏன் மாமா யாருக்கும் காட்டல?" என்று கேட்டேன். "அம்மை காட்ட விடல. தம்பி மாத்திப் பேசினாம்னு ஊரு சொல்லப்பிடாதுன்னுட்டா" என்றார்.

பத்திரம் சொன்னது

கூப்பன் ஒரு பக்கத்து வார்த்தை. வயல் விஷயத்தில் பத்திரத்தைப் பார்க்காமல் பேசக் கூடாது. வருஷமும் பெயரும் தெரிந்துவிட்டதால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பெயர் அட்டவணையில் தேடச் சொல்லி நகலுக்கு மனுப்போட்டேன். இணையத்தில் வில்லங்கம் பார்ப்பது பிந்திய காலத்துக்குத்தான் உதவும். 1940களுக்குப் பழைய புத்தகத்தைப் புரட்டத்தான் வேண்டும்.

நகல் கிடைத்தது. அரைக் கோட்டை (கோட்டை நம் பக்கத்து நெல் அளவு) விதைப்பாடு நஞ்சை. வாங்கியவர் பெயர் தாத்தாவுடையதுதான். அக்கா தன் பெயருக்கு எழுதிக்கொள்ளவில்லை. தம்பி சொன்ன பிறகும், அவர் கண்காணாத இடத்தில் இருந்தபோதும், யாரும் தடுக்க முடியாத நிலையிலும் எழுதிக்கொள்ளவில்லை. விற்றவர், "தாங்கள் பட்டாளத்தில் இருக்கிறபடியால் தங்கள் தமக்கையார் மாரிபத்து ரொக்கம் பெற்றுக்கொண்டு" என்று, அதாவது அக்கா மூலமாகப் பணம் வாங்கியதாக, எழுதிக் கொடுத்திருக்கிறார். தொகையைக் கூப்பன்களோடு கூட்டிப் பார்த்தேன். பட்டாளத்துப் பணம் மட்டும் அந்தத் தொகைக்குப் போதவில்லை. வீட்டுச் செலவு, வைத்தியம் எல்லாம் போக மிச்சம் எங்கிருந்து வந்திருக்கும்? நடவு, களையெடுப்பு, கோரைப்பாய் நெசவு என்று அவர் போகாத வேலை இல்லை என்று மாமா சொல்கிறார். மாமா சொன்னதுக்கு என்னிடம் தாள் இல்லை. கணக்கில் விழும் அந்தக் குறைதான் அதற்குச் சாட்சி.

அடுத்து நடந்ததை ஊகிப்பது கஷ்டமில்லை. தாத்தா வந்தார், கல்யாணம் ஆனது, வீட்டில் இரண்டு அடுப்பு. அக்கா தன் பங்கைக் கேட்டிருப்பார், அல்லது அவர் மகனுக்காக ஊரில் யாராவது கேட்டிருப்பார்கள். பரம்பரைச் சொத்தில் மகளையும் மகனைப்போலப் பங்காளியாக்கும் திருத்தம் தமிழ்நாட்டில் 1989-ல்தான் வந்தது. 1946-ல் பிறந்த வீட்டில் இருக்கும் ஒரு விதவைக்குத் தம்பியின் வார்த்தையைத் தவிர வேறு பிடிமானம் இல்லை. தாத்தா ஏன் அந்த வார்த்தையில் நிற்கவில்லை என்பது எனக்கு வேதனையான கேள்வி. அவரைத் தேடிப் புறப்பட்டவள் நான். அவர்மேல் எனக்குப் பிரியம் குறையவில்லை, ஆனால் இதை விட்டுவிட்டு மணிப்பூர்க் கதையை மட்டும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல என்னால் முடியாது.

நம் பக்கத்தில் வம்சக் கதை சொல்லும்போது எல்லார் முன்னோரும் பாஞ்சாலங்குறிச்சியில் கட்டபொம்மன் பக்கம் நின்றவர்களாகவே இருக்கிறார்கள். 1799-லும் 1801-லும் கோட்டைக்கு எதிரே வந்த கும்பினிப் படையில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். அவர்களுக்கும் பேரப்பிள்ளைகள் இருந்திருப்பார்கள். அவர்கள் எங்கே போனார்கள் என்று சின்ன வயதில் நான் கேட்டதுண்டு. இப்போது புரிகிறது. ஒரு குடும்பம் தனக்கு வேண்டாத ஆளை மறக்க ஒரு தலைமுறைகூட ஆவதில்லை. எங்கள் வீட்டில் மாமா உயிரோடு இருக்கும்போதே அவர் அம்மா மறைந்துபோனார்.

ஆகவே யாராவது பட்டாளத்துத் தாத்தாவைப் பற்றிக் கேட்டால் இப்போதெல்லாம் ரெஜிமென்ட் பற்றிப் பேசுவதற்கு முன்னால் நான் கேட்பது இதுதான்: அவர் போனபோது வீட்டில் யார் இருந்தார்கள்? கையெழுத்தோ கைநாட்டோ வைத்துப் பணம் வாங்கியது யார்? அந்த ஆளின் பிள்ளைகள் இப்போது எங்கே? அவர்களோடு உங்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லையென்றால் கட்டாயம் போய்ப் பாருங்கள். தாள்கள் அங்கேதான் இருக்க வாய்ப்பு அதிகம். கிறிஸ்தவக் குடும்பமென்றால் சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டையும் பாருங்கள். தகப்பன் தொழில் என்ற கட்டத்தில் சிப்பாய் என்றிருக்கும், பக்கத்திலேயே அம்மாவின் பெயரும் இருக்கும்.

கூப்பன்களை மாமா வீட்டிலேயே வைத்துப் படம் எடுத்தேன். எடுத்துப் போ என்றார், நான் வாங்கவில்லை. அவை இருக்க வேண்டிய இடம் அதுதான். பத்திர நகலையும் 1945 கூப்பனின் படத்தையும் அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் வாசித்தார். பிறகு, குடும்ப மரத்தில் அத்தை பேரைச் சேர்த்துவிடச் சொன்னார். வயல் சமாச்சாரத்தை மட்டும் கோவிலில் வைக்கிற படத்தில் எழுத வேண்டாம் என்கிறார். தாத்தா பெயருக்குக் கீழே "பர்மா ஸ்டார்" என்று எழுதலாமென்றால், ஆச்சி பெயருக்குக் கீழே "தம்பி அனுப்பிய பணத்தோடு தன் உழைப்பையும் சேர்த்துக் குடும்பத்துக்கு வயல் வாங்கினார்" என்றும் எழுதலாம் என்பது என் கட்சி. இன்னும் தீரவில்லை. சித்தப்பா மகன் என் பக்கம் வந்துவிட்டான். பங்குனி உத்திரத்துக்கு மாமாவை நேரில் போய் அழைத்திருக்கிறேன். அவருக்கு அது அம்மை வழிச் சாஸ்தா. கார் அனுப்பினால் வருகிறேன் என்றிருக்கிறார்.